துண்டுக்குள் பேசும் சம்பளம்

செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டுச் சந்தைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். மாட்டை நடுவில் நிறுத்திவிட்டுத் தரகர்கள் இருவர் கைமேல் துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். வாய் ஒரு தொகை சொல்லும்; விரல் வேறொரு தொகை சொல்லும். சுற்றி நிற்பவர் காதில் விழுவது வாய்க்கணக்கு. மாட்டுக்காரர் மடியில் விழுவது விரல்கணக்கு.

அந்தச் சந்தையோரத்து டீக்கடையில், கொத்தனார் வேலை செய்யும் தோழர் ஒருவர் என்னைக் கேட்டார்:

"பையன் பிளஸ் டூ முடிச்சிட்டான் தோழர். இன்ஜினீயரிங் வேணாம், இயற்பியல்தான் படிப்பேன்னு நிக்கிறான். படிச்சா சர்க்கார்ல என்ன வேலை கிடைக்கும்? என்ன சம்பளம் குடுப்பான்?"

நாம் பௌதிகம் என்று படித்ததைத்தான் பையன் இயற்பியல் என்கிறான். பெயர் மாறியிருக்கிறது, தகப்பனின் கவலை மாறவில்லை. நாள் கூலியில் மகனைப் படிக்கவைக்கும் மனிதனுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு. "விஞ்ஞானம் தேச சேவை, சம்பளத்தைக் கேட்காதே" என்று அவருக்கு உபதேசம் செய்பவர்கள் யார்? மாதம் தவறாமல் சம்பளம் வாங்குகிறவர்கள்தான்! ஆகவே கணக்கைப் பார்ப்போம். முதலில் வாய்க்கணக்கு, பிறகு விரல்கணக்கு.

வாய்க்கணக்கு

2016 ஜனவரி முதல் அமலான ஏழாவது ஊதியக் குழுவின் படிக்கட்டில், மத்திய சர்க்கார் ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் ரூ. 18,000. உச்சியில் இருக்கும் அமைச்சரவைச் செயலாளருக்கு ரூ. 2,50,000.

பௌதிகம் படித்தவர் இந்தப் படிக்கட்டில் எங்கே நிற்கிறார்?

பி.எஸ்.சி. முடித்தவர் வானிலை ஆய்வுத் துறையில் அறிவியல் உதவியாளராகச் சேர்ந்தால் ஆறாவது படி. அடிப்படைச் சம்பளம் ரூ. 35,400. எம்.எஸ்.சி.யும் பி.எட்.டும் முடித்து மத்திய சர்க்காரின் கேந்திரிய வித்யாலயத்தில் மேல்நிலை ஆசிரியரானால் எட்டாவது படி, ரூ. 47,600. எம்.எஸ்.சி. முடித்து, பாபா அணுசக்தி மையம் 1957 முதல் நடத்திவரும் பயிற்சிப் பள்ளியில் தேறி, கல்பாக்கத்திலோ டிராம்பேயிலோ அறிவியல் அதிகாரியானால் பத்தாவது படி, ரூ. 56,100. இஸ்ரோவில் விஞ்ஞானியாகச் சேர்பவருக்கும் அதே ரூ. 56,100. கல்லூரி உதவிப் பேராசிரியருக்குத் தொடக்கம் ரூ. 57,700.

இதற்குமேல் பஞ்சப்படி உண்டு. 2025 ஜூலைக் கணக்கில் அது 58 சதவீதம். ரூ. 56,100 வாங்குபவருக்குப் பஞ்சப்படி ரூ. 32,538. இரண்டும் சேர்ந்து ரூ. 88,638. வீட்டு வாடகைப்படி தனி. ஆண்டுகள் செல்லச் செல்ல ரூ. 67,700, ரூ. 78,800, ரூ. 1,23,100 என்று படி ஏறலாம். பல பத்தாண்டு உழைப்புக்குப் பின், மிகச் சிலர் இரண்டு லட்சத்தைத் தாண்டிய படிகளையும் எட்டுகிறார்கள்.

அணுசக்தித் துறையில் நல்ல ஏற்பாடு ஒன்றும் இருக்கிறது. மேலே இடம் காலியானால்தான் பதவி உயர்வு என்று காத்திருக்க வேண்டாம். தகுதியைப் பார்த்து ஆளை உயர்த்தலாம். ஹோமி பாபா காலத்திலேயே வகுக்கப்பட்ட முறை இது. மனம் வைத்தால் சர்க்காரால் செய்ய முடியும் என்பதற்கு இது சாட்சி. அதை மறைக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கைக் கேட்டதும் நம் தோழர்களிலேயே சிலர் சொல்வார்கள்: "மாசம் எண்பத்தெட்டாயிரம்! இவனுக்கு என்ன குறை? நம்ம பாட்டைப் பார்ப்போம்!"

நில்லுங்கள் தோழர்களே! விஞ்ஞானியைப் பார்த்து ஆலைத் தொழிலாளி பொறாமைப்பட வேண்டும், ஆலைத் தொழிலாளியைப் பார்த்து விஞ்ஞானி முகம் சுளிக்க வேண்டும் என்பதுதான் மேலே இருப்பவர்களின் ஆசை. அந்த வலையில் விழுவதற்கு முன் துண்டை விலக்கிப் பார்ப்போம்.

விரல்கணக்கு

ரூ. 56,100 என்ற படி காகிதத்தில் இருக்கிறது. அந்தப் படியில் கால் வைக்க எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது? அந்த இடத்துக்கு வருவதற்கு முன் ஒருவன் எத்தனை ஆண்டுகளைக் கொடுக்கிறான்?

பி.எஸ்.சி. 3 ஆண்டு. எம்.எஸ்.சி. 2 ஆண்டு. டாக்டர் பட்டத்துக்கு 5 ஆண்டு, பலருக்கு அதற்கும் மேல். கொத்தனாரின் மகன் 18 வயதில் தொடங்கினால் முடிக்கும்போது வயது 28. அதுவரை அவன் வயிற்றுக்கு யார் பொறுப்பு?

தேசியத் தகுதித் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறிய சிலருக்கு, 2023 ஜனவரி முதல் மாதம் ரூ. 37,000, இரண்டு ஆண்டு கழித்து ரூ. 42,000. வாடகைப்படியும் உண்டு. பஞ்சப்படி கிடையாது! அதே 2023 ஜனவரியில் சர்க்கார் ஊழியருக்குப் பஞ்சப்படி 42 சதவீதம்; 2025 ஜூலையில் 58. விலைவாசி ஏறியது என்று சர்க்காரே ஒப்புக்கொண்டு ஊழியருக்குப் படி கொடுக்கிறது. அதே கடையில் அதே அரிசி வாங்கும் ஆராய்ச்சி மாணவனுக்கு விலை ஏறவில்லையா?

"அது சம்பளம் அல்ல, உதவித்தொகை" என்பது அதிகாரிகளின் பதில். வைப்பு நிதி இல்லை. ஓய்வூதியக் கணக்கு இல்லை. வேலை நேரம் என்று ஒன்று இல்லை. ஆய்வுக்கூடத்தில் இரவு முழுவதும் கருவியைக் கவனித்து அளவெடுப்பவன் அவன். ஆய்வுக் கட்டுரைக்கான கணக்கைப் போடுபவன் அவன். ஆனாலும் ஏட்டில் அவன் மாணவன், தொழிலாளி அல்ல! அந்தத் தொகையும் தானாக உயரவில்லை. 2014 முதல் ரூ. 25,000-இலேயே நின்றது. நாடு முழுவதும் ஆராய்ச்சி மாணவர்கள் தெருவுக்கு வந்த பிறகுதான், 2019 ஜனவரியில் ரூ. 31,000 ஆயிற்று.

அந்தத் தேர்வில் உதவித்தொகை கிடைக்காதவர் கதி என்ன? காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம். இப்படிப்பட்ட பல்கலைக்கழகங்களில், தகுதித் தேர்வு உதவித்தொகை பெறாத ஆராய்ச்சி மாணவருக்கு 2015-இல் கிடைத்தது மாதம் ரூ. 8,000. அந்த எட்டாயிரத்தையும் நிறுத்தப் பல்கலைக்கழக மானியக் குழு அந்த ஆண்டு அக்டோபரில் முடிவெடுத்தது. டில்லியில் மானியக் குழு அலுவலகத்தின் முன் மாணவர்கள் இரவும் பகலும் கிடந்து போராடினார்கள். அதனால்தான் அது பிழைத்தது.

பட்டம் வாங்கிய பிறகாவது விடியுமா? கல்லூரிகளில் நிரந்தர இடங்களை நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளர், ஒப்பந்த ஆசிரியர் என்று புதுப்புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். மானியக் குழு 2019-இல் வகுத்த விதிப்படி, கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு ரூ. 1,500, எத்தனை வகுப்பு எடுத்தாலும் மாதத்துக்கு ரூ. 50,000-க்கு மேல் போகக் கூடாது. விதி இதுதான், கைக்கு வருவது பல இடங்களில் இதிலும் குறைவு. குஜராத்தில் சர்க்கார் கல்லூரிகளின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வாங்கியது மாதம் ரூ. 30,000. அதே வேலையைச் செய்த நிரந்தர ஆசிரியர் வாங்கியது லட்சத்துக்கு மேல்! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. உதவிப் பேராசிரியருக்குரிய குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தையாவது அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் உத்தரவிட்டது. சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிக ஊழியருக்கும் உண்டு என்று அதே நீதிமன்றம் 2016-லேயே பஞ்சாப் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. தீர்ப்பு வந்து ஒன்பது ஆண்டு கழித்தும் அதற்காக ஆசிரியர்கள் மறுபடி நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது!

ஆக, வாய் சொல்வது ஐம்பத்தாறாயிரம். விரல் பிடிப்பது முப்பதாயிரம், எட்டாயிரம். இதுதான் துண்டுக்குள் நடக்கும் பேரம்.

சம்பளம் வாங்க மறுத்த பேராசிரியர்

இந்தப் பேரம் புதிதல்ல. 1885-இல் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராகச் சேர்ந்தார். அந்தக் காலத்து வெள்ளைச் சர்க்காரின் விதி என்ன தெரியுமா? ஒரே வேலைக்கு வெள்ளையனுக்கு முழுச் சம்பளம். இந்தியனுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. போஸின் நியமனம் தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி!

போஸ் என்ன செய்தார்? மனுப்போட்டுவிட்டு உட்காரவில்லை, வேலையையும் விடவில்லை. ஒரு நாள்கூட வகுப்பைத் தவறவிடாமல் பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாதமல்ல, இரண்டு மாதமல்ல, மூன்று ஆண்டு! குடும்பத்துக்குக் கடன் இருந்தது. ஆனாலும் குறைச் சம்பளத்தைக் கை நீட்டி வாங்கவில்லை. கடைசியில் சர்க்கார்தான் பணிந்தது. முழுச் சம்பளத்தையும் முன்தேதியிட்டுக் கொடுத்தது. அதை வைத்துத் தகப்பனாரின் கடனை அடைத்தார் போஸ்.

தோழர்களே, இதற்குத் தொழிற்சங்க மொழியில் என்ன பெயர்? சம வேலைக்குச் சம ஊதியம் கேட்ட போராட்டம்! கம்பியில்லா அலைகளை ஆராய்ந்த அதே கைதான் அந்தப் போராட்டத்தையும் நடத்தியது.

நம் திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் கதையையும் பாருங்கள். 1907-இல் அவர் சர்க்கார் வேலைக்குப் போனார். பௌதிகம் செய்யவா? இல்லை! நிதித் துறையில் கணக்கு அதிகாரியாக. பகலில் சர்க்கார் கணக்கு. காலையிலும் மாலையிலும் சொந்த ஆராய்ச்சி. 1917-இல் அந்த வேலையை உதறிவிட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியரானார். சம்பளம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது! அந்தப் பேராசிரியர் பதவியும் தாரக்நாத் பாலித் என்ற தனிமனிதர் கொடுத்த நன்கொடையில் உண்டானதுதான். சர்க்கார் தன் பணத்தை எண்ணுவதற்கு ராமனுக்கு முழுச் சம்பளம் கொடுத்தது. ஒளியை ஆராய அவருக்கு ஒரு நாற்காலி போடவில்லை. 1930-இல் நோபல் பரிசு வந்தபோது பெருமையை மட்டும் எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

மலிவு என்று மார்தட்டலாமா?

அது வெள்ளையன் காலம் என்பீர்கள். நம் காலத்துக்கு வருவோம்.

2023 ஆகஸ்டு 23. சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. மதகடிப்பட்டிலிருந்து மேற்கே பஸ் ஏறினால் அடுத்த பெரிய ஊர் விழுப்புரம். அந்த ஊர் ரயில்வே ஊழியரின் மகன், பாலிடெக்னிக் படிப்பில் தொடங்கி மேலே வந்த பொறியாளர் வீரமுத்துவேல்தான் அந்தத் திட்டத்தின் இயக்குநர். இறங்கிய கலத்திலிருந்து நிலவின் மண்ணுக்குள் கம்பி போன்ற கருவி ஒன்றை இறக்கி வெப்பநிலையை அளந்தார்கள். அதை உருவாக்கியவர்கள் திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் கூடத்தையும் ஆமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தையும் சேர்ந்தவர்கள். டீக்கடைத் தோழரின் மகன் படிக்க ஆசைப்படும் அதே பௌதிகம்தான்!

திட்டத்தின் செலவு ஏறத்தாழ ரூ. 615 கோடி. "உலகத்திலேயே மலிவு!" என்று பத்திரிகைகள் கொண்டாடின. மலிவுக்குக் காரணம் என்ன? 2003 முதல் 2009 வரை இஸ்ரோவின் தலைவராக இருந்த மாதவன் நாயரே அப்போது வெளிப்படையாகச் சொன்னார்: வெளிநாடுகளில் கொடுப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் இங்கே விஞ்ஞானிகளுக்கும் தொழில்நுட்ப ஊழியர்களுக்கும் சம்பளம், செலவு குறைய அதுவும் ஒரு காரணம் என்று.

சிக்கனம் நல்லதுதான். ஊழியனின் வயிற்றைச் சுருக்கிக் காட்டும் சிக்கனம் பெருமைக்குரியதா? "எங்கள் ஊரில் ஆள் மலிவு" என்று உலகச் சந்தையில் கூவுவது முதலாளியின் பேச்சு. தேசத்தின் பேச்சு அல்ல.

இதற்கு நான்கு ஆண்டு முன் நடந்தது இன்னும் கசப்பானது. 1996 முதல் இஸ்ரோ விஞ்ஞானிகளுக்குக் கூடுதலாக இரண்டு ஊதிய உயர்வுகள் கிடைத்துவந்தன. நல்ல மூளைகள் வெளியே போகாமல் தடுக்க ஏற்பட்ட ஏற்பாடு அது. 2019 ஜூன் 12 அன்று அதை ரத்து செய்து உத்தரவு வந்தது. ஜூலை 1 முதல் அமல். ஜூலை 22 அன்று சந்திரயான்-2 கிளம்பியது! ராக்கெட்டை ஏற்றும் கையில், ஏற்றும் மாதத்திலேயே சம்பளக் குறைப்புத் தாள்! விண்வெளிப் பொறியாளர் சங்கம் தலைவருக்குக் கடிதம் எழுதி முறையிட்டது. ஊக்கத்தொகைத் திட்டம் தனியே இருக்கிறதே என்பது சர்க்கார் வாதம். ஊக்கத்தொகை வேறு, சம்பளம் வேறு என்பது ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும். போனஸைக் காட்டிச் சம்பளத்தில் கை வைத்தால் நாம் விடுவோமா?

இஸ்ரோ ஏவுதளத்துக்குக் கனரக இயந்திர அமைப்புகளைச் செய்து கொடுத்த பொதுத்துறை ஆலை ராஞ்சி கனரகப் பொறியியல் கழகம். சந்திரயான் நிலவில் இறங்கிய அதே 2023-இல், அந்த ஆலையின் தொழிலாளருக்கும் பொறியாளருக்கும் ஓராண்டுக்கு மேல் சம்பளப் பாக்கி! விஞ்ஞானிக்குக் குறைப்பு, தொழிலாளிக்குப் பாக்கி. இரண்டையும் செய்வது ஒரே கை. அப்படியிருக்க இருவரும் எதிரெதிரே நிற்பதா, ஒரே வரிசையில் நிற்பதா?

விழுப்புரத்து மகனுக்குத் தமிழ்நாடு சர்க்கார் 2023-இல் ரூ. 25 லட்சம் பரிசு கொடுத்தது. அதைத் தான் படித்த கல்வி நிலையங்களுக்கே கொடுத்துவிட்டார் அவர். உழைப்பாளி வீட்டுப் பிள்ளையின் மனம் அது. அந்த மனத்தைச் சர்க்கார் போற்ற வேண்டும். அதையே சாக்காக்கிச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது.

நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு

"நிலவும் ராக்கெட்டும் நம்ம கிராமத்துக்கு என்ன செய்யும்?" என்று கேட்கும் தோழரும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவை நினைத்துப் பாருங்கள். பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. கடந்த பிறகும் நகராமல் பல மணி நேரம் நின்று கொட்டியது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை! அடுத்துச் சாத்தனூர் அணையைத் திறந்தார்கள். தென்பெண்ணை கரை புரண்டு பாகூர்ப் பக்கம் வெள்ளக்காடாயிற்று. புயல் எங்கே நிற்கும், எத்தனை மழை கொட்டும் என்பதைக் காற்றின் அழுத்தத்தையும் கடலின் வெப்பத்தையும் வைத்துக் கணிப்பது எந்த சாஸ்திரம்? பௌதிகம்தான்!

அந்த வேலைக்கு ஆள் எடுத்த லட்சணம் என்ன? வானிலைத் துறைக்கு அறிவியல் உதவியாளர் தேர்வை மத்திய பணியாளர் தேர்வாணையம் 2017-இல் நடத்தியது. அடுத்தது 2022-இல், 990 இடங்களுக்கு. நடுவில் ஐந்தாண்டு! 2017-இல் 21 வயதில் தவறவிட்டவன் 26 வயது வரை காத்திருந்தான். புயல் ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் வருகிறதா?

பணம் இல்லையா?

"எல்லாருக்கும் நிரந்தர வேலை கொடுக்கப் பணம் எங்கே?" என்பார்கள். கணக்கு இதோ. 2020-21-இல் இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம். சீனா இரண்டு சதவீதத்துக்கு மேல். தென்கொரியா நான்குக்கு மேல். 2023-இல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் போட்டார்கள். ஐந்தாண்டில் ரூ. 50,000 கோடி என்றார்கள். அதில் சர்க்கார் பங்கு ரூ. 14,000 கோடி, மீதி ரூ. 36,000 கோடி தனியாரிடமிருந்து வருமாம்! ஆனால் 2025 ஜூலையில், தனியார் நிறுவனங்கள் ஆராய்ச்சி செய்வதற்குக் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் தர ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. பணம் இருக்கிறது தோழர்களே! அது போகிற வழிதான் வேறு.

நாம் கேட்க வேண்டியது

எட்டாவது ஊதியக் குழுவை 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். அக்டோபரில் அதன் விசாரணை வரம்பை வகுத்து, நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் 18 மாதத்தில் அறிக்கை தரச் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் மனுக் கொடுக்கும்போது விஞ்ஞானி பிரச்சினை விஞ்ஞானிக்கு, ஆலைப் பிரச்சினை ஆலைக்கு என்று பிரிந்து நிற்கக் கூடாது. நம் கோரிக்கைகள் தெளிவானவை:

படிக்கட்டின் அடியில் இருக்கும் ரூ. 18,000 முதலில் உயரட்டும். ஒப்புக்கொள்ளப்பட்ட இடங்களைக் காலம் குறித்து நிரப்பு. ஆராய்ச்சி உதவித்தொகையைப் பஞ்சப்படியோடு இணை. ஒப்பந்த ஆசிரியருக்கும் திட்ட ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் கொடு. 2004 ஜனவரிக்குப் பின் சேர்ந்தவர்களிடமிருந்து பறித்த பழைய ஓய்வூதியத்தைத் திருப்பிக் கொடு.

1936 ஜூலை 30 அன்று புதுவையில் பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். எட்டு மணி நேர வேலை அந்த ரத்தத்தில் கிடைத்தது. யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. இன்று இரவு பகல் பாராமல் ஆய்வுக்கூடத்தில் நிற்கும் இளைஞனுக்கு வேலை நேரமே இல்லை. அவனுக்கு அந்த வரலாற்றைச் சொல்ல வேண்டியது நம் கடமை. நம்மோடு நிற்க வேண்டியது அவன் கடமை.

டீக்கடைத் தோழருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "பையனைப் படிக்க வைங்க. ஆனா கணக்கை மறைக்காம அவன்கிட்டயும் சொல்லுங்க. பி.எஸ்.சி.யோட வானிலைத் துறைத் தேர்வு, பி.எட். படிச்சா வாத்தியார் வேலை, எம்.எஸ்.சி. முடிச்சா அணுசக்திப் பயிற்சிப் பள்ளி, அப்புறம் தகுதித் தேர்வுன்னு எல்லாக் கதவையும் தட்டச் சொல்லுங்க. பத்து வருஷம் தாக்குப்பிடிக்கணும்கிறதையும் சொல்லுங்க. கதவு திறக்காட்டி அது பையன் குத்தம் இல்ல. பூட்டி வெச்சவன் குத்தம்."

அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "பூட்டைத் திறக்கிறது யாரு தோழர்?"

நீங்களும் நானும்தான்! மாட்டுத் தரகர் துண்டுக்குள் விலை பேசலாம். மாடு வாய் திறந்து கேட்காது. மனிதன் கேட்பான். கேட்க வேண்டும். துண்டை இழுத்துப் போட்டுவிட்டு, பத்துப் பேர் பார்க்க, வெளிச்சத்தில் பேசச் சொல்ல வேண்டும்!